முனியம்மா எழுதிய ஆரஞ்சு

போன மாதம் உங்கள் பறவை ஆய்வு முகாமுக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னீர்கள். பேசினேன். பேசி முடித்து வெளியே வந்தபோது, உங்களில் ஒருவர் உள்ளூரிலிருந்து வேலைக்கு வரும் ஒருவரிடம், "அண்ணா, நீங்க பாக்குறத மட்டும் எழுதுங்க. யோசிக்கிறது எங்க வேலை" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், உங்களைவிடச் சத்தமாக. ஆகவே இந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

நான் வேலை பார்த்தது தவிட்டுக்குருவிகளோடு. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையை ஒட்டி ஒரு மாந்தோப்பு, சாலையைத் தாண்டினால் ஒரு சின்ன ஏரி. தோப்பில் ஒரு கூட்டம், ஏரிக்கரையில் ஒரு கூட்டம். தயவு செய்து அவற்றுக்கு வழங்கும் 'ஏழு சகோதரிகள்' என்ற பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். கூட்டத்தில் எப்போதும் ஏழு இருப்பதில்லை, இருப்பவை எல்லாம் பெண்ணும் இல்லை, சகோதரிகள் என்றால் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எந்த மடையன் சொன்னானோ தெரியவில்லை. ஒரு ஜோடி முட்டையிடும், மற்றவை புழுவும் பூச்சியும் கொண்டுவந்து அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஒன்று மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். பார்க்கிற எல்லோரும் "அடடா, என்ன ஒற்றுமை!" என்பார்கள். இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்தால் தெரியும், அது வெறும் ஒற்றுமை இல்லை. பிள்ளைகள் வளர்ந்து தனியாகப் போக இடம் கிடைக்காமல் வீட்டிலேயே தங்குகின்றன. தங்கினால் தம்பி தங்கைகளுக்கு ஊட்டுகின்றன. பக்கத்துக் கூட்டத்துக்காரன் எல்லையைத் தாண்டி வந்தால் எல்லாமாகச் சேர்ந்து, கத்திக் கால்பிடித்துப் புரண்டு சண்டை போடுகின்றன. எங்கள் பக்கம் புதர்க்காட்டை வெட்டி மனை போட்டார்கள், கம்பெனிக் கொட்டகை போட்டார்கள். இளசுகள் போக இடம் இன்னும் குறைந்தது. உதவி என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி, போக்கிடம் இல்லாமை.

இது புரிந்தால்தான் அடுத்து நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு பறவையையும் வலை வைத்துப் பிடித்து, வலது காலில் எண் பொறித்த உலோக வளையமும், இடது காலில் இரண்டு வண்ண வளையங்களும் போட்டோம். உலோக எண்ணைக் கையில் பிடித்தால்தான் படிக்க முடியும். வண்ணத்தைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். தோப்புக் கூட்டத்தில் ஒரு பறவைக்கு மஞ்சள்-சிவப்பு. ஏரிக் கூட்டத்தில் ஒன்றுக்கு ஆரஞ்சு-சிவப்பு. இந்த இரண்டையும் அவ்வளவு கிட்டத்தில் கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். அன்றைக்குப் பெட்டியில் மிச்சம் இருந்த வளையங்கள் அவை. வேறு வண்ணம் வரும்வரை ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

முனியம்மா எங்களிடம் கூடு பார்க்கும் வேலைக்கு வந்தவள். எட்டாவது வரை படித்தவள். அப்பா அம்மா ஊரார் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்கள் நோட்டில் தமிழ். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை தடவை கூட்டுக்கு இரை கொண்டுவந்தது என்று எழுதுவாள். அந்த வேலையில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரில் அவளை 'குருவி எழுதுற பொண்ணு' என்பார்கள், அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

எங்கள் திட்டத்துக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். பெயர் சொல்ல மாட்டேன். எனக்கு அசையாமல் உட்காரக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதை மறைக்கவும் மாட்டேன். மூன்றாம் வருடம், இரண்டு கூட்டமும் ஒரே சமயத்தில் குஞ்சு பொரித்தன. எங்களிடம் ஆள் குறைவு, ஒருத்தி கூடு பார்த்தால் மற்றவள் வலை வேலை பார்க்க வேண்டும், அதனால் ஒரு நாள் தோப்பு, ஒரு நாள் ஏரி என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். திங்கட்கிழமை தோப்பில் மஞ்சள்-சிவப்பு இரை கொடுத்தது. செவ்வாய்க்கிழமை ஏரியில் மஞ்சள்-சிவப்பு இரை கொடுத்தது. புதன்கிழமை மறுபடி தோப்பில். ஒரே பறவை, இரண்டு விரோதக் கூட்டங்களில், இரண்டு கூட்டுக் குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது! நான் நோட்டைக் காட்டியதும் பேராசிரியர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். உறவுக்காகத்தான் உதவி என்கிற கணக்கையே இது கலைக்கும் என்றார். அந்த வாரமே கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. ஏரியில் நான் பார்த்த நாட்களில் நான் மஞ்சள் என்று எழுதியிருந்தேன். முனியம்மா பார்த்த நாட்களில் எல்லாம் அவள் ஆரஞ்சு என்று எழுதியிருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"மேடம், ஏரிக்காரி வேற, தோப்புக்காரி வேற. ஏரிக்காரிக்கு வளையம் போட்டப்ப நான்தான் கையில புடிச்சினு இருந்தேன். ஆரஞ்சுதான் போட்டோம். வெயில்ல வெளுத்துப்போச்சி."

"இப்ப பாத்தா எந்தக் கலரு?"

"மஞ்சளாட்டந்தான் தெரியுது."

"அப்ப மஞ்சள்னு எழுது. பாக்குறத மட்டும் எழுதணும். யோசிக்க நாங்க இருக்கோம்."

அவள் நோட்டில் தான் எழுதிய வரியின்மேல் விரலை வைத்தாள். "ஆரஞ்சுன்னு தெரிஞ்சினு மஞ்சள்னு எப்பிடி மேடம் எழுதறது? அவ கூட்டுக்கு வந்தா மொதல்ல கீழ்க்கிளையில உக்காந்து, தாவித் தாவித்தான் மேல வருவா. தோப்புக்காரி அப்பிடி இல்ல, நேரா வந்து எறங்குவா. நீங்களே ரெண்டு பேரையும் பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்திருக்கிறேன். கவனித்ததில்லை. நான் வளையம் போட்ட காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவள் செய்தது விதிப்படி தவறா? தவறுதான். கண்ணில் பட்ட நிறத்தைத்தான் எழுத வேண்டும், தெரிந்ததை ஓரத்தில் குறிப்பாக எழுத வேண்டும். ஓரத்தில் குறிப்பு எழுதலாம் என்று அவளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தோமா? இல்லை. ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தோம், புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னோம்.

சரிபார்க்க எத்தனை நாள் ஆகும் தெரியுமா? ஒரு காலைப்பொழுது. ஒருத்தி தோப்பில், ஒருத்தி ஏரியில், ஒரே நேரத்தில், கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தால் போதும். ஏழு மணிக்கு இரண்டு இடத்திலும் மஞ்சள்-சிவப்பு இருந்தால் அது ஒரு பறவை இல்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இது எனக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோன்றியது, செய்யவில்லை. விடை என்னவாக இருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது.

பேராசிரியர் அடுத்த வாரம் வந்தார். திட்டத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று பார்க்க வெளியிலிருந்து இரண்டு பேர் வரவிருந்தார்கள். நோட்டுகளை அவர்கள் புரட்டுவார்கள். சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள், தக்காளி ஏற்றும் ஆட்கள் என்று கடை நிறைய ஜனம். நான் அவரிடம் முனியம்மா சொன்னதைச் சொன்னேன், அதுவும் ஏதோ வேடிக்கை மாதிரி. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் எழுதிய பக்கங்களை நம்ப முடியாது, நீக்கிவிட வேண்டும், இனி அவளை வைத்துக்கொள்ளவும் முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருப்பவரிடம் எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வேலையும் அதே திட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முனியம்மா கடைக்கு வெளியே பைனாகுலர் பையோடு நின்றுகொண்டிருந்தாள். என்ன பேசிக்கொள்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவரே சொல்லட்டும் என்று நான் விட்டிருக்கலாம். எழுந்து போய், அத்தனை பேர் முன்னால், "பாக்காததை எல்லாம் பாத்ததா எழுதி வெச்சிருக்க. இவ்வளவு நாளா பொய் எழுதிட்டு இருந்திருக்க. நாளையில இருந்து வராத" என்றேன். பேராசிரியர் பொய் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அது நான் சேர்த்தது. கத்திச் சொன்னால் நானே நம்பிவிடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் பைனாகுலர் பையைப் பெஞ்சில் வைத்தாள். கடைக்காரர் கன்னடத்தில் என்னவோ கேட்டார், அவள் நிற்காமல் நடந்து போய்விட்டாள்.

வந்தவர்கள் நோட்டைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். திட்டம் புதுப்பிக்கப்பட்டது. கட்டுரை ஆய்விதழுக்குப் போனது, ஏற்கப்பட்டது.

மறு வருடம் ஒரு காலையில் சாலையோரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பறவை அடிபட்டுக் கிடந்தது. ஏதோ லாரி. உடம்பில் சூடு இருந்தது, மற்றவை விலகிப் போக மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தன. எடுத்துப் பார்த்தேன். இடது காலில் மஞ்சள்-சிவப்பு. வலது காலில் உலோக எண். அந்த எண்ணை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஏரிக்காரி.

சின்னக் கத்தியால் அந்த மஞ்சள் வளையத்தை வெட்டி விரித்தேன். வெளிப்பக்கம் மஞ்சள். உட்பக்கம், வெயில் படாத இடம், பளிச்சென்று ஆரஞ்சு.

தோப்புக்கு ஓடினேன். அங்கே மஞ்சள்-சிவப்பு உயிரோடு, நேராக வந்து கிளையில் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் உடனே எல்லாவற்றையும் சரி செய்தேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். செய்யவில்லை. அந்த வளையத்தை ஒரு தீப்பெட்டியில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். இருபது நாள் வைத்தேன். இருபது நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன், கட்டுரையின் அச்சுப் பிழை திருத்தினேன். பிறகு பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"ஒரு செத்த பறவையை வெச்சு இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்றார். "அடுத்த கட்டுரையில பாத்துக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும்மா."

யானைக்குச் சறுக்கினால் யானைக்குத்தான் வலி. இங்கே விழுந்தது வேறு ஆள். போனை வைத்துவிட்டு, அந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு நானே எழுதினேன், வளையத்தின் படத்தோடு. கட்டுரை நிறுத்தப்பட்டது. பேராசிரியர் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அந்த வருட முடிவில் நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். இதற்காக என்னைப் பாராட்ட வேண்டாம். ஒரு காலைப்பொழுதில் முடித்திருக்க வேண்டியதை ஒரு பறவை செத்துக் காட்ட வேண்டியிருந்தது.

நான் திட்டத்தை விட்டுப் போவதற்கு முன்பே முனியம்மா ஓசூரில் வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். வண்டிகளுக்கான வயர்களை நிறம் பார்த்துப் பிரித்து, தப்பாகக் கோத்ததைக் கண்டுபிடிக்கும் வேலை. நிறம் பார்ப்பதற்கென்றே அவர்கள் அவளை எடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். என்னிடம் ஒரு கடிதம் இருந்தது. திட்டத்தின் தலைப்புத் தாளில், முனியம்மாவின் பதிவுகள் முற்றிலும் சரியானவை, அவற்றை நீக்கியது எங்கள் பிழை, அவர் மறுபடி பணியில் சேர்ந்தால் திட்டத்துக்குப் பெருமை என்று, மரியாதையாக, நல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தேன். என் கையெழுத்து, திட்டத்தின் முத்திரை எல்லாம் இருந்தது.

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். கடிதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இங்கிலீஷ்ல இருக்குது."

"ஆமா முனியம்மா. நீ எழுதுனது எல்லாம் சரின்னு எழுதியிருக்கேன். நான் படிச்சுச் சொல்றேன்."

"வேணாங்க மேடம்." கடிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினாள். குரல் உயரவில்லை. "பொய் எழுதுறவன்னு தமிழ்ல சொன்னீங்க. டீக்கடையில, எல்லாருக்கும் கேக்குறாப்புல சொன்னீங்க. எங்கப்பா அப்ப அங்கதான் தக்காளிக் கூடை தூக்கினு இருந்தாரு, தெரியுமா உங்களுக்கு? அதுக்கப்புறம் அந்தக் கடையில அவரு டீ குடிக்கறதே இல்ல. சரிங்கறத மட்டும் என்னாத்துக்கு இங்கிலீஷ்ல எழுதி, வீட்டுக்குள்ள வந்து குடுக்கறீங்க?"

கடிதத்தை எடுத்துப் பையில் வைத்தேன். 

"வேலைக்கு வர்றியா?" என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று கேட்ட உடனே தெரிந்தது.

"அங்க யோசிக்கறதுக்குத்தான் ஆள் இருக்காங்களே" என்றாள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டுத்தான் நீங்களும் நானும் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். ஆனால் யாரை விசாரிப்பது, யாரை விசாரிக்காமலே துரத்துவது என்பதை மட்டும் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறோம். இரண்டு பேர் எழுதியது ஒத்துப்போகவில்லையா? யார் படித்தவர் என்று பார்க்காதீர்கள். எதைச் செய்தால் தெரியும் என்று பாருங்கள், அன்றைக்கே செய்யுங்கள். ஒருவரைத் தவறு என்று எந்த இடத்தில், எந்த மொழியில், எந்தக் குரலில் சொன்னீர்களோ, அதே இடத்தில் அதே குரலில்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். வேறு வழி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அந்த டீக்கடைக்குப் போனேன். கம்பெனி பஸ்ஸுக்கு வழக்கம்போல ஜனம் நின்றிருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டையோடு முனியம்மாவும் வரிசையில் நின்றாள். அவள் அப்பா வரவில்லை, ஆனால் கூடை தூக்குகிற மற்றவர்கள் இருந்தார்கள், கடைக்காரர் இருந்தார். டீ வாங்கவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, என்னால் முடிந்த அளவு குரலை உயர்த்திச் சொன்னேன். "போன வருசம் இதே எடத்துல முனியம்மா பொய் எழுதினான்னு சொன்னேன். அவ எழுதினது நெசம். பொய் சொன்னது நான்."

டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. முனியம்மா ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பினாள்.

"பஸ் சத்தத்துல கேக்கல மேடம். மறுக்கா சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஏறாமல் காத்திருந்தார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.